வாய் திறந்த வீடு

பேய் வீட்டுக்கு எதற்கு இத்தனை பல் என்றுதான் தமயந்திக்கு முதலில் தோன்றியது. டப்பிங் ஸ்டூடியோவின் முன்னறைச் சுவரில் புதுப்படத்தின் போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். வாசற்கதவை வாயாகவும் மாடி ஜன்னல் இரண்டையும் கண்ணாகவும் வைத்துக்கொண்டு ஒரு வீடு முறைத்தது. படிக்கட்டு நாக்காகத் தொங்கியது. நாக்கின் மேல் மூன்று பொம்மைக் குழந்தைகள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்களோடு, ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. குடும்பத்தோடு பார்த்துப் பயப்படலாமாம். குடும்பத்தில் இல்லாத பயமா, இதற்கென்று ஏசி தியேட்டரில் போய் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டே வேறு பயப்பட வேண்டுமா என்று உதட்டைச் சுழித்தாள். எங்கேயோ ஒரு தேசத்தில் படித்தவர்கள் பல பேர் வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் குந்தி இந்த வீட்டுக்கு ஒவ்வொரு பல்லாக வரைந்திருக்கிறார்கள். அதைத் தமிழில் அலறவைக்க சாலிகிராமத்தில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தி என்பதை அவள் அந்த நிமிஷத்துக்குச் சௌகரியமாக மறந்துபோனாள். எதிர் சோபாவில் ஸ்கூல் யூனிஃபார்மோடு ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் அதன் அம்மா. மிருதுளா என்று பெயராம், அம்மா தானாகவே சொன்னாள், யாரும் கேட்கவில்லை. பெண்ணின் கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தது, ஏதோ சபாவில் கச்சேரி செய்யக் கிளம்பிய மாதிரி. கழுத்துக்கு மஃப்ளர், கைக்கு சிப்ஸ் பாக்கெட். ரெகார்டிங்குக்கு முன்னால் சிப்ஸ் தின்கிற ஜென்மத்தைத் தமயந்தி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவள் காலையிலிருந்து வெந்நீரைத் தவிர எதையும் தொண்டைக்குள் விடவில்லை. பால்காரனிடம் பேசவில்லை. ஆட்டோக்காரனுக்குக் கையாலேயே வழி காட்டினாள். அவன் ஊமை என்று நினைத்து, இறங்கும்போது, "பாத்துப் போம்மா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பரிவாகக் கத்திவிட்டுப் போனான். ஊமைக்குக் காதும் கேட்காது என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் சின்னவனுக்காக. சின்னவனைப் பத்திரமாகக் கொண்டுவந்து இந்த மைக் முன்னால் நிறுத்த வேண்டும். இன்றைக்குத் தெரிந்துவிடும், படத்தில் டிம்மி என்கிற அந்தப் பையனின் குரல் அவளுக்கா இல்லையா என்று. டிம்மி, பொமரேனியன் நாய்க்கு வைக்கிற பெயர். ஆனாலும் அவளுக்கு அது வேண்டும். போன வருஷம் முழுக்க யாரும் கூப்பிடவில்லை, இதுவும் போனால் இனிமேல் கூப்பிடப்போவதும் இல்லை.

சின்னவன் என்று பெயர் வைத்தது நாகராஜன். கல்யாணமான புதிதில் அவள் கூட்டத்தில் கத்துகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், சந்தைக் காட்சியில் ஒரு கத்தல், கல்யாணக் காட்சியில் ஒரு சிரிப்பு. ஒருநாள் பையன் வேஷத்துக்குக் குரல் கொடுக்கிற அம்மாளுக்குக் காய்ச்சல். யாராவது போடுங்களேன் என்றார்கள். தமயந்தி வாயைத் திறந்தாள். அண்ணத்துக்குப் பின்னால், மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில், அதுவரை இருப்பதே தெரியாத ஒரு சின்ன இடத்திலிருந்து எட்டு வயசுப் பையன் ஒருத்தன் பேசினான். அவளே திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தொலைந்துபோகிற பையன், அனாதைப் பையன், குதிரை மேல் பறக்கிற பையன், கரடியோடு பேசுகிற பையன், இருமல் மருந்து விளம்பரத்தில் இருமுகிற பையன், தமிழ்நாட்டில் எந்த டிவியைப் போட்டாலும் ஒரு நேரத்தில் அவன்தான் பேசிக்கொண்டிருந்தான். பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் பையன் குரல் கொடுக்கிறார்கள், ஆனால் அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கீச்சிடுகிறார்கள், அது பையன் இல்லை, கிளி. இவன் நிஜப் பையன். வீட்டுக்கு வந்தால் நாகராஜன் காபியை ஆற்றிக்கொண்டே, "சின்னவன் இன்னிக்கு என்ன பண்ணினான்?" என்பார். அவள் பதில் சொல்ல மாட்டாள், அவன்தான் சொல்வான். அப்பா, இன்னிக்கு ஒரு கரடி என்னைத் துரத்துச்சுப்பா. நாகராஜன் சிரிப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்ட வருஷங்கள் அவை. குழந்தை இல்லாத வீட்டில் பையன் சத்தம் கேட்கிறது என்று கீழ்வீட்டுக்காரி வாட்ச்மேனிடம் சொல்லி, வாட்ச்மேன் அயர்ன்காரனிடம் சொல்லி, கடைசியில் மாடிப்படி வளைவில் குங்குமம் தடவின எலுமிச்சம்பழமாக அது வந்து உட்கார்ந்தது. படித்த பெண், பேங்கில் வேலை பார்க்கிறவள், எலுமிச்சம்பழம் வைக்கிறாள். நாகராஜன் அந்தப் பழத்தை எடுத்துவந்து ஜூஸ் போட்டார், சின்னவனுக்கு ஒரு டம்ளர் தனியாக வைத்தார். இப்போது நினைத்தாலும் சிரிப்புதான் வர வேண்டும். அவர் போன பிறகு சின்னவன் வீட்டில் பேசியதில்லை. ஸ்டூடியோவில் கூப்பிட்டால் வருவான். வீட்டில் கூப்பிட்டுப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. கூப்பிட்டு வராவிட்டால் அந்த இரண்டு ரூமில் நின்றுகொண்டு என்ன செய்வது என்கிற பயம்தான், வேறொன்றும் இல்லை.

டிம்மிக்குக் குரல் டெஸ்ட் வைத்த அன்று ஏசி அதிகம். அதுதான் காரணம். அவள் அன்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், குளிக்கும்போது, கீரை ஆயும்போது, தூக்கம் வராமல் புரளும்போது. டிம்மி நிலவறைக் கதவைத் திறக்கிறான், வாய் திறக்கிறது, அப்புறம், "அங்க யாரோ இருக்காங்க." ஒரு சின்ன வரி. அவள் சின்னவனை அழைத்தாள், வந்தான். டிம்மியின் வாய் திறந்ததும் ஹா என்று ஒரு மூச்சைப் போட்டாள், வரியைச் சொன்னாள். 'அங்க' சரி. 'யாரோ' என்ற இடத்தில் எதுவோ வழுக்கியது. அரை நொடிதான், அந்த அரை நொடியில் பையன் போய், முழங்கால் வலியோடு ஒரு பொம்பளை அங்கே நின்றுகொண்டிருந்தாள். உடனே பிடித்துவிட்டாள், 'இருக்காங்க' மறுபடியும் பையன்தான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்திருந்தால் இன்னொன்று கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை. டப்பிங் டைரக்டர் அஷ்வத், தாடிக்குள் எங்கேயோ முகம் வைத்திருக்கிற பையன், "ஓகே மேடம், அனுப்பறோம்" என்றான். அந்த ஓகேயைத்தான் அவளால் முழுங்க முடியவில்லை. ஓகேயில் எத்தனை ஓகே. நல்லா இருக்கு என்கிற ஓகே உண்டு, சாப்பாட்டு நேரம் ஆயிற்று என்கிற ஓகே உண்டு, வயசானவர்களிடம் என்னத்தைச் சொல்ல என்கிற ஓகேயும் உண்டு. அது எது? இவனுக்குக் குரலைப் பற்றி என்ன தெரியும், இவன் கம்ப்யூட்டரில் கோடுகளைப் பார்த்துக் குரலை அளக்கிறவன். அங்க யாரோ. அங்க, யாரோ. ஏசிதான். வசனம் எழுதின கதிரொளியையும் சொல்ல வேண்டும், அந்த ஆளுக்குத் திரையில் ஒரு வாய் திறந்தால் போதும், ஐயோ என்று எழுதிவிடுவார், மூடினால் அம்மாடி. சும்மாவா, எல்லோருக்கும் அதே பயம்தான், வாய் அசைந்து சத்தம் வராவிட்டால் தியேட்டரில் விசிலடிப்பார்கள். வாய் திறந்தால் குரல் இருக்க வேண்டும், அது இந்தத் தெருவின் சட்டம். அவளும் எத்தனை வாய்களை நிரப்பியிருக்கிறாள், ஹா, ஹ்ம், ஆங், ஒரு வாயைக்கூடக் காலியாக விட்டதில்லை. அதில் ஒரு குறை சொல்ல யாரும் பிறக்கவில்லை. ஆனால் யாரோ. அந்த 'ரோ'வில். எதிரில் மிருதுளா சிப்ஸ் பாக்கெட்டைக் கவிழ்த்து, மிச்சமிருந்த தூளை வாயில் கொட்டிக்கொண்டது.

அஷ்வத் வெளியே வந்தான். முதலில் சிப்ஸ் தின்கிற குழந்தையைப் பார்த்துச் சிரித்தான், அப்புறம் இவளைப் பார்த்தான், இவளைப் பார்க்கும்போது சிரிப்பைப் பாதியில் மடித்து வைத்துக்கொண்டான். தமயந்திக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று. தெரிந்தும் எழுந்து நின்றாள். "மேடம், உங்களுக்கு வீடு" என்றான். "எந்த வீடு?" என்றாள், காலையிலிருந்து பேசின முதல் வார்த்தை, கரகரத்து வந்தது. "பேய் வீடுதான் மேடம். கிழவி குரல்ல பேசுமே. படமே அதுமேலதான் நிக்குது, லீட் கேரக்டர் மாதிரி." மாதிரி. அந்த 'மாதிரி'யில் அவன் அம்மா அப்பா வளர்ப்பு எல்லாம் தெரிந்தது. "டிம்மி?" என்றாள். அவன் தாடியைச் சொறிந்தான். "வெளிநாட்டுல கேட்டுட்டு பாப்பா குரலை ஓகே பண்ணிட்டாங்க மேடம். அந்தக் கதவு சீன்ல பையன் வாயைத் திறந்துட்டு ஒண்ணும் சொல்ல முடியாம நிப்பான் பாருங்க, அங்க சைலன்ஸ்தான் வேணுமாம். நீங்க மூச்சு போட்டுட்டீங்க. பாப்பா சும்மா விட்டுச்சு." மிருதுளாவின் அம்மாவுக்கு சந்தோஷத்தில் உண்மை வாய் தவறி வந்துவிட்டது. "அய்யோ சார், அவ எங்க விட்டா, டயலாக் மறந்துட்டு முழிச்சுட்டு நின்னா. நான் கண்ணாடிக்கு வெளிய இருந்து கையக் காட்டி அதட்டினேன், அப்புறந்தான் சொன்னா." மறந்துபோய் நின்றது. வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். வாழ்நாள் பூராவும் ஒரு வாயைக்கூடக் காலியாக விடாதவளுக்கு இல்லை, பேச மறந்துபோனதற்கு. தமயந்திக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, கூடவே அந்த மஃப்ளரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுக்க வேண்டும் போலவும் இருந்தது. போய்விடலாம். கைப்பையை எடுத்துக்கொண்டு, கிழவிக்கு வேறே ஆளைப் பாருங்க தம்பி என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று படியிறங்கி, ஆட்டோ பிடித்து, இந்த முறை வாய் நிறையப் பேசி வழி சொல்லி, வீட்டுக்கு. வீட்டுக்குப் போய்? கதவைத் திறந்தால் ஹால், ஹாலில் நாகராஜன் படம், ஃப்ரிட்ஜ் போடுகிற சத்தம். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அஷ்வத்தைத் தாண்டி ரெகார்டிங் ரூமுக்குள் போனாள்.

உள்ளே இருட்டு, மைக் மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு, எதிரே திரை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஜெபராஜ். வாங்கக்கா என்று கையாட்டினான், அவன் ஒருத்தன்தான் இங்கே மனுஷன், ஆனால் அவனுக்கும் காதுக்குள் முடி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு லூப்பாகப் போட்டார்கள். மழை பெய்கிறது, குழந்தைகள் ஒதுங்க வீட்டுக்குள் வருகிறார்கள், வீடு பிரியமாகத்தான் இருக்கிறது, தானாக விளக்குப் போடுகிறது, மேஜையில் சூப் வைக்கிறது, கட்டிலை உதறிப் போடுகிறது, அப்புறம் கதவுகள் ஒவ்வொன்றாகச் சுவராக மாறுகின்றன. அந்த வீட்டில் முன்னே ஒரு கிழவி இருந்தாளாம், தனியாக இருந்து தனியாகச் செத்தாளாம், அவள் ஆவி செங்கலுக்குள் போய்விட்டதாம். என்ன ஒரு கற்பனை. தனியாக இருக்கிற பொம்பளை என்றால் செத்த பிறகாவது பேயாக வேண்டும், உலகம் பூராவும் படித்தவர்களுக்குக்கூட அதற்கு மேல் ஒன்றும் தோன்றாது, கீழ்வீட்டுக்காரி பேங்கில் வேலை பார்ப்பதற்குப் பதில் இவர்களோடு போய்ப் படம் எடுக்கலாம். ஒரிஜினலில் வெள்ளைக்காரி ஒருத்தி ஊளையிட்டாள், தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி. தமயந்தி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வசனம் வந்தது. "போகாதீங்க கண்ணுங்களா. வெளியில மழை. எங்கிட்ட எல்லாம் இருக்கு." அவள் குரலை மாற்றவில்லை, உருட்டவில்லை, சும்மா சொன்னாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம் உள்ளே வச்சிடுப்பா என்று சொல்கிற குரல் அது, அவளுடைய சொந்தக் குரல், இத்தனை வருஷத்தில் எந்த மைக்கும் கேட்காத குரல். அப்புறம் ஜெபராஜ், "அக்கா, எனக்கே புல்லரிச்சிடுச்சு, இந்தக் குரலை இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க?" என்றான். அவன் பக்கத்தில் வந்து நின்றிருந்த அஷ்வத் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "செம்ம பயமா இருக்கு மேடம், இதையே மெய்ன்டெய்ன் பண்ணுங்க." அவர்களுக்குப் பயமாக இருக்கிறதாம். அவள் வீட்டில் தினமும் பேசுகிற குரல் அவர்களுக்குச் செம்ம பயமாக இருக்கிறதாம். இருக்கட்டும். அடுத்த லூப், அதற்கடுத்தது. சூப் ஆறிப்போகுது. இந்தக் கட்டில்ல யாரும் படுத்ததில்ல. ஏன் என்னைப் பாத்து அழறீங்க. எல்லாம் ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று. நடிக்க வேண்டிய இடம் ஒன்றுகூட வரவில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கதிரொளிக்குக்கூட இந்தக் கிழவியை எழுதத் தெரிந்திருக்கிறது என்பது அதைவிட எரிச்சல்.

"கடைசி லூப் மேடம்" என்றான் அஷ்வத். "இதுல டயலாக் எதுவும் கிடையாது. வீடு மனசு மாறிக் கதவைத் திறந்துவிடுது, பசங்க ஓடிப்போறாங்க. பெருமூச்சு மட்டும் ஒண்ணு குடுங்க." பரவாயில்லை, ஒரு இடத்திலாவது கதிரொளி பேனாவை மூடி வைத்திருக்கிறார். திரையில் ஹால் தெரிந்தது. சுவராகிப் போயிருந்த இடத்தில் மறுபடியும் வாசற்கதவு வந்தது. மூன்று குழந்தைகளும் கைகோத்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றன. டிம்மி நடுவில். கன்னத்தில் சூப் ஒட்டியிருந்ததை எவனோ மெனக்கெட்டு வரைந்திருந்தான். கதவு மெல்லத் திறந்தது. வெளியே மழை விட்டிருந்தது, வெயில், ஈரப் புல்வெளி, கொஞ்ச தூரத்தில் யாரோ ஒரு அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். குழந்தைகள் ஓடின. ஓடுகிற காலெல்லாம் படிக்கட்டில் தடதடவென்று கேட்டது. வீட்டின் வாய் திறந்திருந்தது. அவ்வளவு பெரிய வாய், திரையை அடைத்துக்கொண்டு, காலியாக, ஒரு சத்தமும் இல்லாமல் திறந்திருந்தது, தமயந்தியும் வாயைத் திறந்தாள், மூச்சு விடத்தான் திறந்தாள். "இருங்கடா, நானும் வரேன்." மணி மாதிரி வந்தது. பிசிறில்லை, வழுக்கல் இல்லை, எட்டு வயசு, ஓட்டத்தில் கொஞ்சம் மூச்சிரைப்போடு, இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு நன்றாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. சின்னவன் கூப்பிடாமல் வந்திருந்தான். லூப் முடிந்து திரை இருண்டது. அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹெட்ஃபோனில் ஜெபராஜ், "என்னக்கா அது, பையன் குரல் கேக்குது? பாப்பாவோட ட்ராக் எதுவும் கலந்துடுச்சா?" என்றான். அஷ்வத் திரும்பி அவனைப் பார்த்தான். "பாப்பா இன்னும் ரெகார்டிங்கே பண்ணலையேப்பா." இரண்டு பேரும் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்கள். இதைக் கேட்டார்கள் அல்லவா, இனிமேலாவது இவர்களுக்கு உறைக்குமா, ஒரு டெஸ்ட் வைத்த லட்சணத்துக்கு என்று ஒரு நொடி அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. நான்தான்ப்பா அது, மறுபடியும் அனுப்புங்க, இதைக் கேட்கச் சொல்லுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். இன்னொண்ணு சொல்லுங்க மேடம் என்பார்கள், அப்போது யாரைக் கூப்பிடுவது? "நான்தான் தம்பி, பழக்கதோஷம்" என்றாள், கேஸ்காரனிடம் பேசுகிற குரலில். "அழிச்சிடுங்க." அஷ்வத் ஓகே என்றான், அது எந்த ஓகே என்று அவள் பார்க்கவில்லை. லூப்பைப் பின்னால் ஓட்டினார்கள். புல்வெளியில் போய்ச் சேர்ந்திருந்த குழந்தைகள் முதுகைக் காட்டியபடியே பின்னோக்கி ஓடிவந்தன, படியேறின, வீட்டுக்குள் வந்து நின்றன, கதவு மூடிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, அவள் எண்ணிப் பார்த்தாள், மூன்றுதான், கூட ஓடினவன் இல்லை. மறுபடியும் கதவு திறந்தது, மறுபடியும் ஓடின. இந்தத் தடவை அவள் மூச்சை மட்டும் விட்டாள். "சூப்பர் மேடம், முடிஞ்சுது" என்று விளக்கைப் போட்டார்கள். ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மிச்சமிருந்த வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அண்ணத்துக்குப் பின்னால் அந்தச் சின்ன இடத்தை நாக்கு நுனியால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.